கேச், சிங்க் வேலைக்குச் சின்னக் கருவி: ஷெல்லா, பைத்தானா, சி-யா, கோ-வா?

கோப்பில் எழுதுவதும் படிப்பதும் முதலில் நினைவகத்தில் தங்கும், அதுதான் கேச்; அதை வட்டில் இறக்குவது சிங்க். எழுதியது வட்டில் இறங்கிவிட்டதா? கோப்பில் எவ்வளவு நினைவகத்தில் தங்கியிருக்கிறது? வேண்டாததை வெளியேற்ற முடியுமா? இந்த மூன்றுக்கும் லினக்ஸில் ஒரு சின்னக் கட்டளைவரிக் கருவி எழுத உட்கார்ந்தால், எந்த மொழியில் என்ற வாக்குவாதம்தான் முதலில் வரும். வேகத்தைப் பற்றிய பேச்சை ஓரமாக வைத்துவிடலாம். இங்கே நேரத்தைத் தின்பது வட்டுதான். எதில் எழுதினாலும் அதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். நான் பார்ப்பது இரண்டு: கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) எந்தெந்த அழைப்பு கைக்கு எட்டுகிறது, எழுத்து தோற்றால் அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேர்கிறதா.

ஷெல்லில் பாதி வேலைக்குப் புதிதாக எதுவும் எழுதவே வேண்டாம். வெறும் சிங்க் என்று அடித்தால் கணினியில் தேங்கியிருப்பது எல்லாம் வட்டுக்குப் போகும். ஆனால் எது நடந்தாலும் வெற்றி என்றே திரும்பும். உள்ளே இருக்கும் அழைப்புக்குப் பிழை சொல்ல வழியே கிடையாது. அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கோர்யூட்டில்ஸின் 2015-இல் வந்த 8.24 முதல் அதே கட்டளைக்குக் கோப்புப் பெயரைக் கொடுக்கலாம். அப்போது நடப்பது எஃப்சிங்க், அதாவது அந்த ஒரு கோப்பை மட்டும் வட்டில் இறக்கும் அழைப்பு; தோற்றால் வெளியேறும் எண் 0 ஆக இருக்காது. ஸ்கிரிப்டில் நம்ப வேண்டியது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான்.

கேச்சை வெளியேற்ற, ட்ராப் கேச்சஸ் என்ற கெர்னல் கோப்பில் 3 எழுதுவது பலருக்குப் பழக்கம். அதற்கு ரூட் அனுமதி வேண்டும், எல்லாருடைய கேச்சும் சேர்ந்து போகும். வேகத்தை அளவெடுக்கும்போது சரி, கருவிக்குள் வேண்டாம். ஒரே கோப்புக்கு, நகலெடுக்கும் கட்டளையான டிடி போதும்: கோப்பை உள்ளீடாகக் கொடுத்து, உள்ளீட்டுக் கொடியில் நோகேச், எண்ணிக்கையில் 0. எதையும் படிக்காது, ‘இது இனி வேண்டாம்’ என்று கெர்னலிடம் சொல்வதோடு சரி. இதையே கோப்பை வெளியீடாகக் கொடுத்தும் செய்யலாம் என்று கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். நோட்ரங்க் என்ற ஒரு சொல் விட்டுப்போனால் கோப்பு 0 பைட் ஆகிவிடும். இன்னொன்று, சிங்க் முதலில், டிடி அப்புறம். வட்டில் இறங்காத பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகள்) கெர்னல் விடாது. விடவில்லை என்று சொல்லவும் சொல்லாது.

எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க யூட்டில்-லினக்ஸ் என்ற கருவித் தொகுப்பில் 2.30 முதல் எஃப்இன்கோர் கட்டளை இருக்கிறது. கோப்பைத் தொட்டு நினைவகத்துக்குக் கொண்டுவரவும், வெளியேற்றவும், அங்கேயே பூட்டி வைக்கவும் விஎம்டச் என்ற தனிக் கருவி. ஆக, ஷெல் சறுக்குவது கோப்புகள் ஆயிரக்கணக்கில் போகும்போதுதான்: ஒவ்வொன்றுக்கும் தனி புரோசஸ், பெயரில் இடைவெளி வந்தால் தனித் தலைவலி.

அந்த இடத்தில் பைத்தான் நன்றாகப் பொருந்தும். எஃப்சிங்க் உண்டு, 3.3 முதல் எஃப்அட்வைஸும் (‘இது இனி வேண்டாம்’ என்று கெர்னலிடம் சொல்லும் அழைப்பு) உண்டு, பிழை வந்தால் விதிவிலக்காகவே வெடிக்கும், கண்ணில் படாமல் போகாது. எஃப்சிங்குக்கு முன் ஃப்ளஷ் அழைக்க மறக்கக் கூடாது, பைத்தானின் சொந்த இடையகத்தில் இருப்பது கெர்னலுக்கே தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் நினைவகத்தில் இருக்கிறது என்று சொல்லும் மின்கோர் அழைப்பு கிடையாது. பைத்தானிலிருந்து சி செயல்களைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் வழியாக அழைக்கலாம். படிக்க மட்டும் திறந்த எம்மேப்பின் (கோப்பை நினைவக முகவரிகளில் பொருத்தும் வழி) முகவரியை எடுக்கப் படும் பாட்டில் சி-யிலேயே எழுதி முடித்திருக்கலாம்.

சி-யில் எல்லா அழைப்பும் நேரடியாகக் கிடைக்கும். 1 ஜிபி கோப்பை எம்மேப் செய்து மின்கோரிடம் கொடுத்தால், 4 கேபி பக்கங்களில் 2,62,144 பைட் கொண்ட பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் கடைசி பிட் 1 என்றால் அந்தப் பக்கம் நினைவகத்தில் இருக்கிறது. நாற்பது ஐம்பது வரியில் கருவி தயார். பொறிகளும் இங்கேதான் அதிகம். போசிக்ஸ் எஃப்அட்வைஸ் தோற்றால் மைனஸ் 1 தராது, பிழை எண்ணையே நேராகத் திருப்பித் தரும். பழக்கதோஷத்தில் ‘0-ஐவிடக் குறைவா’ என்று சோதித்தால் அந்தக் கிளை ஒருநாளும் ஓடாது. எஃப்சிங்க் தோற்றால் மறுபடி அழைத்துப் பார்ப்பதும் அப்படித்தான்: முதல் தோல்விக்குப் பிறகு கெர்னல் அந்தப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்துவிடக்கூடும், இரண்டாவது அழைப்பு பொய்யாக வெற்றி சொல்லும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழு இதைப் பெரிய விவாதமாக்கி, அதன் பிறகு எஃப்சிங்க் தோற்றாலே சர்வரை நிறுத்தி, மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டிலிருந்து மீள்வதை இயல்பாக்கியது. நம் சின்னக் கருவியும் பிழை சொல்லி வெளியேறட்டும்.

கோ, ரஸ்ட் என்ற இரண்டு மொழிகளையும் ஒன்றாகவே சொல்லிவிடலாம். ஒற்றை பைனரியாக (நேரடியாக ஓடும் கோப்பு) கொடுத்தனுப்பலாம் என்பது தெரிந்த லாபம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மேக். அங்கே வெறும் எஃப்சிங்க் தரவை டிரைவ் வரை கொண்டுபோகும், டிரைவின் உள் கேச்சிலிருந்து இறக்காது. அதற்கு எஃப் ஃபுல்எஃப்சிங்க் என்ற தனி வழி உண்டு. சி-யில் அதை நீங்களே எழுத வேண்டும். கோ-வும் ரஸ்டும் தங்கள் சிங்க் செயல்களில் அதையே கூப்பிடுகின்றன. ரஸ்டில், எழுதுவதைச் சேர்த்துவைக்கும் இடையகமான பஃப்ரைட்டரை ஃப்ளஷ் செய்யாமல் விட்டால் மட்டும், அது மறையும்போது வரும் பிழை சத்தமில்லாமல் போய்விடும்.

என் வரிசை இது: இறக்குவது, வெளியேற்றுவது மட்டும் என்றால் ஷெல். கோப்பகம் முழுக்க ஓடி அறிக்கை தர வேண்டுமா, பைத்தான். கேச்சை உள்ளே எட்டிப் பார்க்க சி. மேக்கிலும் ஓட வேண்டும், மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றால் கோ அல்லது ரஸ்ட்.

எதில் எழுதினாலும் சோதிக்கும்போது உங்கள் சொந்தக் கோப்பில் சோதியுங்கள். லினக்ஸ் 5.2 முதல், உங்களுக்குச் சொந்தமில்லாத, எழுத அனுமதியும் இல்லாத கோப்புக்கு மின்கோர் எல்லாப் பக்கமும் நினைவகத்தில் இருப்பதாகவே சொல்லும். சாதாரணப் பயனராக ஒரு கணினி நூலகக் கோப்பைக் காட்டி, நூறு சதவீதம் என்று வந்தால் அதை நம்ப வேண்டாம்.