அம்மாவுடன் போவின் தௌங் குகைகளுக்கு

நான் பிறந்து வளர்ந்தது ரங்கூனில். இருபத்து மூன்று வயதில் வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றவன் அங்கேயே குடியுரிமையும் பெற்றுவிட்டேன். அம்மா மட்டும் அனோரத்தா சாலைக்குப் பக்கத்துத் தெருவில், அப்பா வாழ்ந்து மறைந்த அதே பழைய மாடி வீட்டில் இருக்கிறார். 2019 டிசம்பரில் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது, அவர் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இடத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். மொன்யுவா நகருக்கு மேற்கே, சின்ட்வின் ஆற்றுக்கு அப்பால், மணற்கல் குன்றைக் குடைந்து வழிபாட்டுக்கும் தியானத்துக்குமாக ஏற்படுத்தப்பட்ட போவின் தௌங் குகைத் தொகுதிதான் அந்த இடம். அறுபத்தாறு வயதில், முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவரை அங்கே அழைத்துச் சென்று பத்திரமாகத் திரும்புவது எப்படி என்பதை உறவினர் பலரும் கேட்டதால், போக்குவரத்து முதல் கழிப்பறை வரை கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக்கு முந்தைய பயணம். அதன் பிறகு, மொன்யுவா இருக்கும் சகாய்ங் பிராந்தியம் கடுமையான சண்டை நடக்கும் பகுதியாகிவிட்டது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பயணச்சீட்டு வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். வழி திறக்கும் நாளில் எது தேவைப்படும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அப்போது முப்பது நாள்வரை விசா தேவையில்லை. ரங்கூன் விமான நிலையத்தில் குடிநுழைவு வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அதிகாரிகள் மரியாதையாகப் பேசினார்கள். பணம் மாற்றும் இடத்தில்தான் கவனம் வேண்டும். மடிப்போ மைக்கறையோ உள்ள வெளிநாட்டு நோட்டுகளை அங்கே வாங்கவே மாட்டார்கள் என்பதால், நான் புது நோட்டுகளைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். மனத்தை வருத்தியது வேறொரு விதி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் சுற்றுலாவாக வருபவர் உரிமம் பெற்ற விடுதியில்தான் இரவு தங்க வேண்டும். நான் பிறந்த வீட்டில் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த விடுதிக்கு நடந்து போவேன். அம்மா பால்கனியில் நின்று, நான் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

ரங்கூனிலிருந்து மாண்டலேவுக்கு விரைவுச் சாலையில் ஏறத்தாழ 590 கிலோமீட்டர். அவுங் மிங்கலா பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்தில் போனோம். ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாக இருக்கைகள் அமைந்த சொகுசு வண்டி அது; போர்வை, தண்ணீர், கழுத்துக்குச் சிறு தலையணை எல்லாம் கொடுத்தார்கள். குளிர்சாதனத்தை மட்டும் எத்தனை முறை கேட்டும் குறைக்கவில்லை. வயதானவர்களுக்குக் கம்பளிக் காலுறை கட்டாயம் வேண்டும். 115ஆம் மைலில் எல்லா வண்டிகளும் நிற்கும் இடத்தில் கழிப்பறை சுத்தமாக இருந்தது, மேலைநாட்டு இருக்கையும் இருந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த இடத்தைத் தவறவிடக் கூடாது, ஏனென்றால் மாண்டலேவுக்கு அப்பால் விடுதி அறையைத் தவிர வேறெங்கும் எங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. காலையில் மாண்டலேவில் இறங்கி, திரி மண்டலார் நிலையத்திலிருந்து சிற்றுந்தில் மூன்றரை மணி நேரத்தில் மொன்யுவா சேர்ந்தோம்.

மொன்யுவாவில் விடுதியின் வழியாக ஒரு வாடகைக் கார் ஏற்பாடு செய்தேன். காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணிவரை, போவின் தௌங்கும் அதற்கு எதிரேயுள்ள ஷ்வே பா தௌங் குகைகளும் சேர்த்து ஒரே தொகை என்று பேசி, முன்பணமும் கொடுத்தாயிற்று. மதியம் ஒரு மணிக்கு, முதல் இடத்தைப் பார்த்துவிட்டு அம்மா களைத்து உட்கார்ந்திருந்த வேளையில், தனக்குச் சொல்லப்பட்டது அரை நாள் மட்டுமே என்று ஓட்டுநர் கூடுதல் தொகை கேட்டார். வாடகை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. ஓட்டுநர் மேல் தவறில்லை என்பது அவர் காட்டிய சீட்டிலேயே தெரிந்தது. அதில் அரை நாள் என்றுதான் எழுதியிருந்தது. அவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டேன். பேசிய தொகையையும் நேரத்தையும் இடங்களையும் பர்மிய மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைப் புறப்படும் முன்பே ஓட்டுநரிடம் காட்டிவிட வேண்டும் என்பது அன்று நான் கற்றுக்கொண்டது.

ஆற்றைப் படகில் கடந்து அக்கரையில் வேறு வண்டி பிடிக்கும் பழைய வழியும் உண்டு. படகில் ஏறி இறங்க அம்மாவால் இயலாது என்பதால் பாலத்தின் வழியே சுற்றிப் போனோம். அந்தச் சாலை லெட்பதௌங் செப்புச் சுரங்கத்தை ஒட்டிச் செல்கிறது. 2012இல் நிலம் பறிபோனதை எதிர்த்துப் போராடிய கிராமத்தாரும் பிக்குகளும் தீக்காயம் பட்ட இடம் அதுதான். மலை போலக் குவிந்திருந்த கழிவு மண்ணைப் பார்த்தபடி அம்மா ஒன்றும் பேசாமல் கைகளைக் கூப்பினார். கனரக லாரிகள் கிளப்பும் புழுதி அரை மணி நேரம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் முகக்கவசம் கொண்டுபோவது நல்லது.

குன்றின் அடிவாரத்தில் வெளிநாட்டவருக்குத் தனி நுழைவுச்சீட்டு உண்டு, உள்ளூர்க்காரரான அம்மாவுக்கு இல்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் வெளியார், ஒருவர் உள்ளூரார் என்று அந்தச் சாளரத்தில் பிரிந்து நின்றோம். அங்கேயே கிராமத்து வழிகாட்டிகள் காத்திருக்கிறார்கள். முதலில் நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருபது வயது கடந்த ஒரு பெண், கன்னத்தில் பூசிய ‘தனக்கா’ மரப்பட்டைச் சாந்தும் கையில் டார்ச் விளக்குமாக வந்து, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அமே, மெதுவாக வாருங்கள்" என்று பர்மிய மொழியில் சொன்னபோது, அம்மா என்னைக் கேட்காமலே அவருடன் நடக்கத் தொடங்கிவிட்டார். பர்மிய மொழியில் அமே என்றால் அம்மா.

இந்தப் பெண் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டோம் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி. குன்று முழுவதும் சிறிதும் பெரிதுமாக 947 குகைகள் இருப்பதாக எண்ணியிருக்கிறார்கள். பல குகைகள் ஒரே ஒரு புத்தர் மட்டும் அமரக்கூடிய மாடம் அளவே உள்ளவை. சில, தூண்களும் பல வாயில்களும் உள்ள கூடங்கள். சிலைகளும் ஓவியங்களும் பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான பாணிகளைச் சேர்ந்தவை. எந்தக் குகையில் சிலை மட்டும், எதில் ஓவியம், எதில் ஓவியம் இன்னும் மங்காமல் இருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்பதைச் சொல்லும் பலகை அங்கே எதுவும் இல்லை. எல்லாம் அந்தக் கிராமத்து மக்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர் எங்களை ஒன்பது குகைகளுக்கு மட்டும் அழைத்துப் போனார். அம்மாவின் காலைப் பார்த்துத்தான் அந்த எண்ணிக்கையை முடிவு செய்தார் என்பது பிறகு புரிந்தது.

உள்ளே இருட்டு. வாசலிலிருந்து வந்தவுடன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் டார்ச்சை ஓவியத்தின் மேல் நேராக அடிக்கவில்லை. சுவரோடு சுவராகப் பிடித்து, ஒளியைப் பக்கவாட்டில் படரவிட்டார். உடனே செங்காவியும் கருப்பும் வெளிறிய பச்சையும் எழுந்து வந்தன. கூரை முழுவதும் பூக்கோலம். அதன் கீழே வரிசையாக அமர்ந்த புத்தர்கள். அதற்கும் கீழே பட்டை பட்டையாக, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள். ஒவ்வொரு பட்டைக்கும் அடியில், விரல் அகலமே உள்ள வெள்ளைக் கோட்டுக்குள் பர்மிய எழுத்தில் கதைக் குறிப்பு எழுதியிருந்தது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். அவர் பன்னிரண்டு வயதுவரை ரங்கூனில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது அவருடைய பள்ளியும் போய்விட்டது; அதன் பிறகு பர்மிய மொழிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றார். அந்த அவமானத்தை அவர் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த எழுத்தைக்கொண்டுதான் இப்போது பழைய சுவரைப் படித்துக்கொண்டிருந்தார். பழைய எழுத்துமுறையில் அவர் தடுக்கிய இடங்களில் வழிகாட்டிப் பெண் எடுத்துக் கொடுத்தார்; பெண் தயங்கிய ஓரிடத்தில் அம்மா சொல்லைக் கண்டுபிடித்தார். 547 ஜாதகங்களில் கடைசியான வெஸ்ஸந்தரக் கதை அது. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடும் இளவரசன், தன் பிள்ளைகள் ஜாலியையும் கண்ஹாஜினாவையும் கூடக் கிழட்டுப் பிராமணனுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறான். பிள்ளைகளின் கைகளைக் கொடியால் கட்டி அவன் இழுத்துச் செல்லும் காட்சியில், சிறுமியின் முகம் பின்னால் திரும்பியிருந்தது. "தம்பி, பார், அவள் அப்பனைப் பார்க்கிறாள்" என்று அம்மா சொன்னார். அந்தக் குகையில் மட்டும் நாற்பது நிமிடம் இருந்தோம்.

சித்தன்னவாசலைப் பார்த்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு வேற்றுமை உடனே தெரியும். நம் பல்லவரும் பாண்டியரும் குடைந்தது பெரும்பாலும் கருங்கல். அது உளிக்குச் சிரமம் கொடுக்கும், ஆனால் நிற்கும். இங்கே மணற்கல். குடைவது எளிது என்பதால்தான் ஒரே குன்றில் இத்தனை குகைகள் தோன்றின, கரைவதும் எளிது. நுழைவாயில் ஒன்றின் நிலையில் நான் அறியாமல் தோளைச் சாய்த்துவிட்டு எழுந்தபோது, சட்டையில் பொடி மணல் ஒட்டியிருந்தது. பெண் ஒன்றும் சொல்லாமல் தன் கையால் அதைத் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு நான் எந்தச் சுவரையும் தொடவில்லை. ஆனால் தொடாதீர்கள் என்று சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை. நாங்கள் இருந்தபோதே வந்த ஒரு கூட்டம், ஓவியத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கைப்பேசி ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்துக்கொண்டே இருந்தது. ஒருவர் பையை ஓவியச் சுவரிலேயே சாய்த்து வைத்தார். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் இரண்டு வரி எச்சரிக்கைப் பலகை வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

வசதிகளைப் பற்றி. அடிவாரத்திலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும்; அதைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் குரங்கு தூக்கிப்போகும். குரங்குகள் கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. தீனி விற்பவர்கள் வற்புறுத்தினாலும் வாங்கக் கூடாது, பொட்டலம் கையில் இருக்கும்வரை அவை விடுவதில்லை. டிசம்பர் காலையில் கல் சில்லென்று இருக்கும், பதினொரு மணிக்கு மேல் பாதம் சுடும். ஏழு மணிக்கே கிளம்பியது நல்லதாயிற்று. முக்கியப் பாதையில் கைப்பிடி இல்லாத படிகள், சீரற்ற உயரம். சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. கழிப்பறை அடிவாரத்தில் மட்டும்தான், குந்தி உட்காரும் வகை. சிறு கட்டணம் வாங்கும் அம்மையார் அதைச் சுத்தமாகவே வைத்திருந்தார். அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி இருந்திருந்தால் போதும். சாப்பாட்டுக் கடையில் சோறும் பருப்பும் வறுத்த கீரையும் கேட்ட விலைக்குக் குறைவில்லாமல் கிடைத்தன. மீன் விழுது சேர்க்காத கறி வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் செய்து தருகிறார்கள்.

எதிர்ப்புறத்து ஷ்வே பா தௌங் காலத்தால் பிந்தியது. அங்கே குன்றை மேலிருந்து கீழ்நோக்கி வெட்டி, பாறைக்கு நடுவே சந்துகள் உண்டாக்கி, சந்தின் இருபுறமும் குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களைப் போன்ற தூண் முகப்புகள் அங்கே உண்டு. அம்மா வண்டியிலேயே இருந்துவிட்டதால் நான் கால் மணி நேரத்தில் பார்த்துத் திரும்பினேன். நடக்க இயலாதவர்களுக்கு உண்மையில் இதுதான் எளிது; படி குறைவு, நிழல் அதிகம்.

வழிகாட்டிப் பெண்ணுக்கு நிர்ணயித்த கட்டணம் எதுவும் இல்லை, விருப்பம்போல் என்றார். மூன்று மணி நேரத்துக்கு 15,000 கியாட் கொடுத்தேன். அன்றைய கணக்கில் பத்து அமெரிக்க டாலர். அது அதிகம் என்று அவர் பாதியைத் திருப்பித் தர, அம்மா அவர் விரல்களை மடக்கி மூடினார். சிங்கப்பூரிலிருந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டதற்கு, சூடு கொடுக்காத, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டார்ச் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். தன் பழைய டார்ச்சின் குமிழ் சூடாகிவிடுவதால் ஓவியத்துக்கு அருகில் பிடிக்கப் பயமாக இருக்கிறதாம்.

திரும்பி வந்ததும் வாங்கிவிட்டேன். 2020 மார்ச் தொடக்கத்தில் ரங்கூனுக்குப் போன சித்தப்பா மகனிடம் கொடுத்தனுப்பினேன். அவர் மொன்யுவா போவதற்குள் கொரோனாவால் வழி அடைபட்டது, பிறகு 2021 வந்தது. விளக்கு இன்னும் யாரும் பயன்படுத்தாமல் அம்மாவின் அலமாரியில், அவருடைய பழைய தமிழ்ப் பாடப்புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேட்டரியை மட்டும் மாற்றி வைக்கிறார்.