ஓரம் வெட்டாத பைண்டிங் கடை, காரைக்குடி

வீட்டில் பழைய பாட்டுப் புத்தகம் இருந்து, அதன் ஓரங்களில் பெரியவர்கள் கைப்பட ஏதாவது எழுதி வைத்திருந்தால், காரைக்குடி செக்காலைப் பக்கம் உள்ள இந்த பைண்டிங் கடையில் நம்பிக் கொடுக்கலாம். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழைய வீடு ஒன்றின் முகப்புத் திண்ணைதான் கடை. இரும்பு அழுத்து மெஷின் ஒன்று, பசைச் சட்டி, அடுக்கடுக்காக அட்டை. பெரியவரும் அவர் மருமகனும் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். பெரியவருடைய அப்பா காலத்தில் நகரத்தார் வட்டிக்கடைகளுக்குப் பேரேடும் ஐந்தொகையும் தைத்துக் கொடுத்த குடும்பம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்ப வேண்டிய கணக்குப் புத்தகங்கள். அந்தத் தையலைத்தான் இன்றைக்கும் போடுகிறார்.

நான் கொடுத்தது என் அப்பாவின் கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகம். அப்பா மானாமதுரை, தேவகோட்டை பக்கத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். கீர்த்தனைகளையும் ஞானப்பாட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த தடிமனான புத்தகம். ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் அதை எழுதியவர் யார், எந்த ஊர், எந்தக் காலம் என்று பென்சிலால் எழுதியிருப்பார். பாடகர் குழுவுக்கு ஒரு பாட்டைச் சொல்லித் தருமுன் அந்த ஓரத்தை வாசித்துக் காட்டுவார். அப்புறம்தான் சுதிப்பெட்டியில் கை வைப்பார்.

‘சத்தாய் நிஷ்களமாய்’ பாட்டின் ஓரத்தில் ‘கிருஷ்ணபிள்ளை, கரையிருப்பு, 1827 – 1900’ என்று இருக்கும். அதன் கீழே, ‘வைணவக் குடும்பம். 1858ல் ஞானஸ்நானம்.’ கம்பனில் ஊறின வாய் கிறிஸ்துவைப் பாடினால் தமிழ் எப்படி வருகிறது பாருங்கள் என்பார் அப்பா. அதைக் கேட்ட பிறகு அந்தப் பாட்டை யாரும் ஏனோதானோவென்று பாட மாட்டோம். ‘நான் பாவிதான்’ பாட்டுக்குப் பக்கத்தில் சார்லட் எலியட் பெயர், 1789 – 1871. நோயாளிப் பெண். பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்க வீட்டார் எல்லாரும் ஓடியாடி வேலை செய்யும்போது தன்னால் ஒன்றும் முடியவில்லையே என்ற தவிப்பில் 1830களில் எழுதினார் என்று சொல்வார்கள். எங்கள் சபையில் படுக்கையில் கிடந்த ஒரு பாட்டியைப் பார்க்கப் போனபோது அப்பா இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் பாடினார். அந்த வீட்டுக் கட்டிலும், பாட்டி கையை அசைத்துக் கூடப் பாடினதும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் ஒரு பைண்டிங் கடை விமர்சனத்தில் சொல்கிறேன் என்றால், என் பயம் முழுக்க அந்த ஓரத்தைப் பற்றித்தான். அப்பாவின் நண்பர் ஒருவரும் இதே மாதிரி குறிப்பு எழுதி வைத்திருந்தார். அவர் புத்தகத்தை வேறொரு ஊரில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் கொடுத்தார்கள். பார்வைக்குப் பளபளவென்றுதான் திரும்பி வந்தது. ஆனால் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் விட்டிருந்தார்கள். ‘சீர் இயேசு நாதனுக்கு’ பாட்டின் ஓரத்தில் ‘வேதநாய’ என்பதோடு எழுத்து நின்றுவிட்டது. அதன் கீழே ‘1774 – 18’. தஞ்சாவூர், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தது, சரபோஜி மன்னரோடு சின்ன வயதிலிருந்தே பழக்கம், எல்லாம் குப்பைக்கூடையில் போய்விட்டது. கல்யாணம், ஆராதனை என்று எங்கே போனாலும் அந்த மங்களத்தைப் பாடி முடிக்கிறோம். அதைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார் பெயர் பாதியில் அறுபட்டுக் கிடந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் இங்கே வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, நாலைந்து இடத்தில் விரித்துப் பார்த்தார். “எழுத்து கடைசி வரைக்கும் போயிருக்கு டீச்சர். இதுல கத்தியே வைக்க முடியாது. ஓரம் மேடு பள்ளமாத்தான் இருக்கும், பரவாயில்லையா?” என்றார். “அதுதாண்ணே வேணும்” என்றேன்.

வேலை நடக்கும்போது போய்ப் பார்த்தேன். பழைய முதுகுப் பசையை ஈரத்துணியால் ஊறவைத்து, மழுங்கின கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். ஃபாரம் ஃபாரமாக, அதாவது சேர்த்து மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். மடிப்பில் கிழிந்திருந்த தாள்களுக்கு மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் பட்டை வெட்டி ஒட்டினார். பிறகு தையல். புதிதாக ஓட்டை போடவே இல்லை. பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு, ஒரு ஃபாரத்தை முந்தின ஃபாரத்தோடு முடிந்து முடிந்து போனார். நூலுக்கு மெழுகு பூசியிருந்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலை ஒரு தரம் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார். பசை வீட்டிலேயே காய்ச்சுகிற மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்க்கிறார்.

அப்போது ஞானப்பாட்டுப் பகுதியில் ஒரு ஓரத்தைக் காட்டி, “இங்கே நிறைய எழுதியிருக்கே, இவர் யாரு?” என்று கேட்டார். பெப்ரீஷியஸ் ஐயர். ஜெர்மனிக்கார மிஷனரி. 1740ல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு ஆயுள் முழுக்கச் சென்னை வேப்பேரியில் இருந்தவர். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடும்படி நூற்றுக்கணக்கில் மொழிபெயர்த்தார். வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். 1779ல் தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றையும் அச்சிட்டார். இத்தனையும் செய்தவர், பண விஷயத்தில் பிறரை நம்பிக் கொடுத்துக் கெட்டு, வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791ல் இறந்தார். இதைச் சொன்னதும் பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “கணக்கு எழுத ஒரு ஆள் இல்லாம போச்சே அவருக்கு” என்றார். தலைமுறை தலைமுறையாகப் பேரேடு தைத்த வீட்டு மனிதருக்கு அந்த வருத்தம் உடனே பிடிபட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஓரமாக யார் யார் என்று கேட்டுக்கொண்டே தைத்தார்.

முன்பக்கத்தில் அப்பா எழுதிய ஒரு குறிப்பையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 1853ல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். சாஸ்திரியார் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓலையிலும் வாயிலும் இருந்த பாட்டு புத்தகமாகி எங்கள் சீமைச் சபைகளுக்கு வந்த வழி அது. இந்தப் புத்தகத்தை நான் இவ்வளவு பத்திரப்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புத்தகம் நன்றாக வந்திருக்கிறது. மேசையில் வைத்தால் எந்தப் பக்கமும் தானாக மூடாமல் விரிந்து நிற்கிறது. ஆர்மோனியத்தின் மேல் வைத்துப் பாட இதைவிட வேறென்ன வேண்டும்? மெரூன் காலிகோ துணி, உள்ளே கெட்டியான எண்ட் பேப்பர். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. தமிழிசை ஆராய்ச்சி செய்த ஆபிரகாம் பண்டிதரையும் அவர் நூலையும் பற்றி மடிப்புக்குள் ஒளிந்திருந்த ‘கருணாமிர்த சாகரம், 1917’ என்ற வரி, பழைய பசையை எடுத்ததால் இப்போது வெளியே தெரிகிறது. அப்பா அதை எழுதியிருந்ததே எனக்கு இதுவரை தெரியாது.

குறையும் உண்டு. இரண்டு இடத்தில் டிஷ்யூ காகிதம் பென்சில் எழுத்தின் மேலேயே ஒட்டியதால் எழுத்து மங்கித் தெரிகிறது. கேட்டேன், “சாய்ச்சு வச்சுப் பாருங்க, தெரியும்” என்றார். தெரிகிறது, ஆனால் சிரமப்பட்டுத்தான். சொன்ன தேதிக்குக் கிடைக்காது, மேலே ஒரு வாரம் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். தங்க எழுத்து இங்கே போடுவதில்லை, மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். புத்தகமும் முன்பைவிடக் கனம், நின்றுகொண்டு கையில் பிடித்துப் பாடுகிறவர்களுக்குக் கை வலிக்கும்.

கூலி 650 ரூபாய். சாதாரணப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு இதில் கால்வாசிகூட ஆகாது. இந்த வேலைக்கு இது நியாயமான கூலி. நான் ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ரொக்கம்தான், போனில் பணம் அனுப்ப வழியில்லை. ஞாயிறும் வெள்ளி மத்தியானமும் கடை இல்லை. ஸ்பைரல், லேமினேஷன் எல்லாம் கேட்டுப் போகாதீர்கள், செய்ய மாட்டார்.

கொடுக்கப் போகிறவர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். குறிப்பு உள்ள பக்கங்களை முதலில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எழுத்தின் மேல் டிஷ்யூ ஒட்ட வேண்டாம் என்று மருமகனிடமும் தனியாகச் சொல்லிவிடுங்கள், ஒட்டுகிற வேலையில் பாதியை அவர்தான் பார்க்கிறார். நறுக்குண்ட அந்தப் புத்தகத்தையும் அடுத்த மாதம் இங்கேதான் கொண்டுவரப் போகிறேன். வெட்டுப்பட்ட ஓரத்தோடு ஒரு விரல் அகலத்துக்குப் புதுக் காகிதம் சேர்த்து ஒட்டித் தர முடியும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். போன பெயர்களை அதில் நானே எழுதிவிடுவேன்.