டிஃபெண்டரா, தனி ஆன்டிவைரஸா: எது கணினியை அதிகம் இழுக்கிறது?

அக்காவின் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். பட்டியலில் மேலே ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’, அதாவது விண்டோஸ் டிஃபெண்டர். “அந்த ஆன்டிவைரஸைத் தூக்கிடுடா” என்றாள். தூக்குவது ஆபத்து. ஆனால் அவள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

ஒரு ஃபைலைத் திறந்தாலும் புதிதாக எழுதினாலும், ஆன்டிவைரஸ் குறுக்கே நின்று பார்த்துவிட்டுத்தான் விடும். அதனால் ஒரு பெரிய சினிமா ஃபைலை காப்பி செய்வதைவிட, ஆயிரம் குட்டி ஃபைல்களை காப்பி செய்யும்போதுதான் அதன் சுமை தெரியும். ஜிப் பிரிப்பது, மென்பொருள் நிறுவுவது எல்லாம் இந்த வகை. வேர்டில் தட்டச்சு செய்யும்போது எந்த ஆன்டிவைரஸ் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

டிஃபெண்டர் 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து முழு ஆன்டிவைரஸாகவே கூட வருகிறது. காசு இல்லை, விளம்பரம் இல்லை, வருடா வருடம் புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை. இதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் வேகத்தில் அது முதலிடம் இல்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற ஆன்டிவைரஸ் சோதனை அமைப்பு, காப்பி, ஜிப், நிறுவுதல், இணையப் பக்கம் திறத்தல் என்று தனித்தனியாக அளந்து முடிவு வெளியிடுகிறது. அதில் டிஃபெண்டர் பல முறை பின்வரிசையில்தான் வந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது டிஃபெண்டர் சிபியுவை அளவுக்கு மீறித் தின்கிறது என்று 2018இல் பதிவான பிழை, 2023இல்தான் சரியானது. திருத்தத்துக்குப் பிறகு, ஃபயர்ஃபாக்ஸோடு ஓடும்போது டிஃபெண்டரின் சிபியு பயன்பாடு சுமார் 75 சதவீதம் குறைந்ததாக அந்த பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் பொறியாளர் ஒருவர் சொன்னார். ஐந்து வருடம் பயனர்கள் அதைச் சுமந்தார்கள் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதே சோதனைகளில் ஸ்லோவாக்கியாவின் ஈசெட்டும், 1991 முதல் சென்னையில் இயங்கும் கே7உம் தொடர்ந்து இலகுவானவை என்ற பெயரை எடுத்திருக்கின்றன. இரண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) உள்ள கணினியில் இவற்றுக்கும் டிஃபெண்டருக்கும் உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கில் தெரியும். அதன் முள் ஒவ்வொரு குட்டி ஃபைலுக்கும் இடம் மாறி ஓட வேண்டும், அந்த நேரத்தில் ஆன்டிவைரஸும் சேர்ந்து படிக்கக் கேட்டால் இரண்டு வேலையும் தடுமாறும்.

மூன்றாவது வழி இலவச ஆன்டிவைரஸ். நான் ஒரு காலத்தில் அப்படி ஒன்றை வைத்திருந்தேன். ஸ்கேன் என்னவோ வேகம்தான். அப்புறம் கூடவே ஒரு பிரவுசர், ஒரு விபிஎன், ‘குப்பை நீக்கி’ ஒன்று என்று வந்து உட்கார்ந்தன, ஒவ்வொன்றும் கணினி தொடங்கும்போதே எழுந்துகொண்டது. டிஃபெண்டர் இருக்கும்போது இதற்கு அவசியமே இல்லை என்பது என் முடிவு.

வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் வெளியில் வாங்கிய இரண்டை ஒரே கணினியில் போடாதீர்கள். வேகத்துக்காக டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கவும் வேண்டாம், வைரஸ் பெரும்பாலும் நுழையும் வாசலே அதுதான். குறித்த நேரத்தில் தானாக ஓடும் டிஃபெண்டரின் அட்டவணை ஸ்கேன் சராசரியாக 50 சதவீதம் வரை சிபியு எடுக்கலாம் என்பதுதான் இயல்பான அமைப்பு. விண்டோஸில் கட்டளை தட்டும் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் அதை 20 ஆக்கலாம், ஸ்கேன் முடிய மட்டும் நேரம் கூடும். நிரல் எழுதுபவர்களுக்கு விண்டோஸ் 11இல் 2023 முதல் ‘டெவ் டிரைவ்’ என்ற தனி டிரைவ் வசதி இருக்கிறது. அங்கே ஃபைல் முதலில் திறக்கும், சோதனை பின்னால் நடக்கும்.

அக்காவுக்கு நான் ஆன்டிவைரஸ் வாங்கவில்லை, எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். டிஃபெண்டர் அப்படியே இருக்கிறது. டிஸ்க்கை மாற்ற முடியாத பில்லிங் கணினி என்றால் கே7 அல்லது ஈசெட்டின் சோதனைப் பதிப்பைப் போட்டு, குட்டி ஃபைல்கள் நிறைந்த ஒரு ஃபோல்டரை காப்பி செய்து நேரம் பாருங்கள். இரண்டு தடவை செய்யுங்கள். ஒருமுறை சோதித்த ஃபைலை ஆன்டிவைரஸ் நினைவில் வைத்துக்கொள்வதால், இரண்டாவது தடவை கிடைக்கும் நேரம்தான் அன்றாட வேலைக்கு நெருக்கமானது.