சில்ட் ஃபென்ஸ்: ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்த பிறகு

சரிவான நிலத்தை மனைகளாக்கும் வேலை. புல்லையும் புதரையும் வழித்து மண்ணை வெட்டிப் போட்டதிலிருந்து எனக்கு மழை பயம்தான். பள்ளத்தில் ஓடை இருக்கிறது. வெட்டிய மண்ணெல்லாம் அதில் போய் விழக்கூடாது என்று சரிவின் கீழ் விளிம்பு நெடுக சில்ட் ஃபென்ஸ், அதாவது வண்டலைத் தடுக்கும் துணிவேலி, கட்டினோம். மண் வேலைக்கென்றே செயற்கை இழையில் நெய்த ஜியோடெக்ஸ்டைல் துணி, மரமுளைகளோடு சேர்ந்தே சுருளாக வருவது. சைட் மேற்பார்வை என்னுடையது, அதனால் ஒவ்வொரு மழைக்கும் வேலியோரமாக நடந்து பார்த்தேன்.

முதல் மழையிலேயே ஏமாற்றம். துணியில் ஒரு கிழிசல்கூட இல்லை, ஆனால் அடியில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. பழுப்புத் தண்ணீர் அதன் வழியாக நேரே ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. துணியின் அடிப்பகுதியைத் தரையில் மடித்துவிட்டு மேலே நாலு மண்வெட்டி மண்ணைப் போட்டிருந்தோம், அவ்வளவுதான். தப்பு எங்களுடையது. அப்புறம் முழுவதையும் பிரித்து, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, துணியை உள்ளே இறக்கி, மண் தள்ளி நன்றாகத் திமிசு போட்டோம். முளைகள் பள்ளத்துப் பக்கம், துணி மேட்டுப் பக்கம். இரண்டு முனைகளையும் மேட்டை நோக்கி வளைத்தோம், இல்லாவிட்டால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிப் போய்விடும். அதற்குப் பிறகு அடியில் ஒரு பொந்துகூட விழவில்லை.

இதை வடிகட்டி என்று நினைத்து வாங்காதீர்கள். துணிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும்போது கனமான துகள்கள் கீழே படிகின்றன. முக்கால்வாசி வேலையைச் செய்வது அந்தத் தேக்கம்தான். வேலியைத் தாண்டி வந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்தேன். கொஞ்சம் மணல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இறங்கிவிட்டது. களிமண் மறுநாள் காலையிலும் அப்படியே கலங்கி நின்றது. 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள், இந்தத் துணியால் அதை நிறுத்த முடியாது. சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீரும் அப்படியே தாண்டிப் போகும். அதன் காரம் மீன்களுக்கு ஆகாது. அதற்குத் தனிக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தோம்.

நூறு அடி வேலிக்குக் கால் ஏக்கர் நிலத்துத் தண்ணீர், அதற்கு மேல் தாங்காது என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் ஒன்றுகூடி ஓடும் தாரையின் குறுக்கே கட்டவே கூடாது. ஓரிடத்தில் கட்டியிருந்தோம், ஒரே மழையில் முளையோடு சாய்ந்துவிட்டது. இப்போது அங்கே கருங்கல் தடுப்பு இருக்கிறது. வேலியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வண்டல் ஏறியதும் அள்ளிவிட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, துணி எப்படி? நெசவு உறுதி. வெயில் பட்ட மடிப்புகளில் மட்டும் கடைசியில் நூல் பிரிந்தது. முளைகள் மெலிசு, நாலைந்து முறிந்தன. அடுத்த முறை தடித்த முளை தனியாக வாங்குவேன்.

கட்டுமான நிலத்திலிருந்து அரித்துப் போகும் மண், விவசாய நிலத்தைவிட 10 முதல் 20 மடங்கு என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மண்ணை அம்மணமாகப் போடுவதுதான் காரணம். எங்கள் சரிவிலேயே பார்த்தேன். ஒரு பாதியில் வைக்கோல் பரப்பிப் புல் விதைத்திருந்தோம், மறுபாதிக்கு நேரம் கிடைக்கவில்லை. மழைக்காலம் முடிந்தபோது வைக்கோல் போட்ட பக்கம் வேலிக்குப் பின்னால் ஒரு விரல் கனத்துக்குத்தான் வண்டல். வெறும் மண்ணாகக் கிடந்த பக்கம் மூன்று தடவை அள்ளியும் முழங்கால் வரை ஏறியிருந்தது. அடுத்த கட்ட வேலைக்கும் இதே வேலியைத்தான் வாங்குவேன். ஆனால் அதற்கு முன் வைக்கோல் சைட்டுக்கு வந்து இறங்கியிருக்க வேண்டும்.