பிஜி பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் படகைப் பற்றிக் கேளுங்கள்

எங்களுக்கு பிஜி பேக்கேஜ் விற்ற ஏஜென்ட் இப்போது "ஜனவரி சலுகை" என்று வாட்ஸ்அப்பில் நீலக் கடல் படம் போட்டு எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். எனக்கும் வந்தது. இன்னொரு குடும்பம் இதில் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன ஜூனில் நான், மனைவி, ஒன்பது வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா என நான்கு பேர் போனோம். யசாவா தீவுக்கூட்டத்தில் ஒரு தீவில் ஐந்து இரவு, காலைச் சாப்பாடு, டிரான்ஸ்பர் உள்பட என்று கொட்டேஷனில் இருந்தது. "டிரான்ஸ்பர்" என்றால் ஹோட்டல் வாசல் வரை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிட்டேன். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம்.

சிங்கப்பூர் வழியாகப் போய்க் காலை பதினொரு மணிக்கு விமான நிலையம் இருக்கும் நாந்தி ஊரில் இறங்கினோம். (ஆங்கில எழுத்தைப் பார்த்தால் நாடி என்று படிப்போம், அங்கே எல்லோரும் நாந்தி என்றுதான் சொல்கிறார்கள்.) பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நின்றிருந்தார். இருபது நிமிடத்தில் டெனராவ் துறைமுகத்தில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கொட்டேஷனில் இருந்த டிரான்ஸ்பர் அவ்வளவுதான். படகு டிக்கெட் அதில் இல்லை.

கவுன்டரில் கேட்டபோது இன்னொரு இடி விழுந்தது. யசாவாவுக்குப் போகும் பெரிய படகு நாளுக்கு ஒரு முறைதான், அதுவும் காலையில். அன்றைக்கு அது எப்போதோ போய்விட்டது. பகல் பதினொன்றுக்கு இறங்குகிறவர்களுக்கு அன்றிரவே தீவில் அறை போட்டுக் கொடுத்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? திரும்பும்போதும் அதே கதை. படகு டெனராவுக்கு வந்து சேர மாலையாகிவிடும், எங்கள் விமானமோ கடைசி நாள் பகல் ஒரு மணிக்கு. அதனால் முந்தைய நாளே தீவை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. ஐந்து இரவுக்குப் பணம் கட்டினோம், தீவில் தூங்கியது மூன்று இரவு. மீதி இரண்டு இரவுக்கு நாந்தியில் சொந்தச் செலவில் அறை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். படகுக்கு ஒரு வழிக்குப் பெரியவர்களுக்கு 180 பிஜி டாலர், மகளுக்கு 90. நான்கு பேருக்குப் போய்வர 1,260 டாலர். தீவில் இறங்கியதும் மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் சேர்ந்த "மீல் பிளான்" கட்டாயம் என்றார்கள். நாளுக்குப் பெரியவர்களுக்கு 110, குழந்தைக்கு 55. மூன்று நாளுக்கு 1,155 டாலர். நாங்கள் போனபோது ஒரு டாலர் ஏறக்குறைய 37 ரூபாய். ஆக இந்த இரண்டுக்கு மட்டும் 89,000 ரூபாய்க்கு மேல். இதற்காக அந்த ஹோட்டல்காரர்களைக் குறை சொல்லமாட்டேன். அது சின்னத் தீவு, கடை கிடையாது, வேறு சாப்பாட்டு இடமும் கிடையாது, அரிசி முதல் எல்லாம் படகில்தான் வர வேண்டும். மீல் பிளான் உண்டு என்பது அவர்களுடைய விதிமுறைகளிலேயே இருக்கிறதாம். மறைத்தது ஏஜென்ட்தான்.

பணத்தைவிட எனக்கு மனசு ஆறாதது அம்மா பட்ட பாடு. பெரிய படகு தீவில் போய் நிற்காது. கடலிலேயே நிற்கும், ஹோட்டலிலிருந்து சின்ன மோட்டார் படகு வரும், ஆடுகிற படியில் இறங்கி அதில் ஏற வேண்டும். கரையிலும் படித்துறை இல்லை, முழங்கால் தண்ணீரில் இறங்கி மணலில் நடக்க வேண்டும். படகுப் பையன்கள் இரண்டு பேர் அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கி இறக்கினார்கள். அவர்களுக்கு எத்தனை முறை வினாக்கா (அவர்கள் மொழியில் நன்றி) சொன்னாலும் போதாது. ஆனால் "அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்கும் தூரம் அதிகம் இருக்குமா?" என்று நான் முன்பே கேட்டிருந்தேன். "ஒன்றும் பிரச்சினையில்லை சார்" என்று ஏஜென்ட் எழுதிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் டெனராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மமனுகா தீவுகளைப் பாருங்கள். பயணம் குறைவு, படகும் நாளுக்குப் பலமுறை உண்டு. அங்கேயும் இறங்குதுறை இருக்கிறதா என்று ஹோட்டலுக்கே எழுதிக் கேளுங்கள்.

இதையெல்லாம் எங்களுக்கு விளக்கிச் சொன்னவர், துறைமுகத்திலிருந்து நாந்திக்குத் திரும்ப நாங்கள் பிடித்த டாக்ஸிக்காரர். 1903-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னிந்தியாவிலிருந்து போனவர்களின் வம்சம். தமிழ் பேச வரவில்லை, முருகன் பாட்டு மட்டும் தெரிந்திருந்தது. மீட்டர் போட்டு ஓட்டினார். போகிற வழியில் கடைத்தெருவின் கோடியில் இருக்கும் சிவசுப்பிரமணியர் கோவிலில் நிறுத்தி, அம்மா கும்பிட்டு வரும்வரை காத்திருந்தார். அவர் எச்சரித்தும் அந்தக் கடைத்தெருவில் ஒன்றில் ஏமாந்தோம். ஒருவர் "புலா" (அவர்கள் மொழியில் வணக்கம்) என்று சிரித்துக்கொண்டே மகளின் பெயரைக் கேட்டார். கேட்ட நிமிடத்தில் மரக்கத்தியில் அதைச் செதுக்கிவிட்டு 80 டாலர் கேட்டார். 30 கொடுத்துவிட்டு வந்தோம். தெருவில் யாராவது கேட்டால் பெயரைச் சொல்லாதீர்கள்.

சரி, ஜனவரி விஷயத்துக்கு வருகிறேன். பிஜியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் புயல் அடிக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் எச்சரிக்கை வந்தால் படகு நின்றுவிடும். தீவில் மாட்டிக்கொண்டால் கூடுதல் நாளுக்கு யார் பணம் கொடுப்பது, தீவுக்குப் போகவே முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். சலுகை விலை ஏன் என்று அந்த விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை.

ஊருக்கு வந்ததும் ஏஜென்டிடம் கேட்டேன். "டிரான்ஸ்பர் என்றால் தரைவழி மட்டும்தான்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நேற்று என் மச்சான் எண்ணிலிருந்து, "ஜனவரி பேக்கேஜில் படகுக் கட்டணமும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்திருக்கிறதா?" என்று அவருக்கு அனுப்பிப் பார்த்தோம். இரண்டு நீல டிக் விழுந்தது. இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை.