கப்பலில் சும்மா கிடைப்பதற்கு 18,500 ரூபாய் பிடுங்கிய டிராவல்ஸ்: காது கேளாத பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் படிக்கவும்

கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ். பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த நிமிஷம் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று இன்று காலை போனிலேயே மிரட்டியாகிவிட்டது. மாடியில் ஏ.சி. ரூம், சுவர் முழுக்க துபாய், சிங்கப்பூர் படங்கள், வாசலில் ஆன்மிகச் சுற்றுலா போர்டு. அந்த மாதிரி ஒன்று. காது கேட்காத என் மகளுக்குக் கப்பலில் உதவி ஏற்பாடு செய்கிறோம் என்று அங்கே என்னிடம் 18,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். எதற்கு வாங்கினார்களோ அதைச் செய்யவில்லை. செய்ய வேண்டிய அந்த வேலைக்குக் காசே கிடையாது என்பது கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்ன வயதிலேயே காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஆபரேஷன் செய்து வைக்கிற, காது கேட்க உதவும் கருவி) வைத்தோம். இன்றைக்கு நன்றாகப் பேசுவாள், சண்டையும் போடுவாள். முடியைத் தழையப் பின்னினால் காதுக்குப் பின்னால் இருக்கும் மெஷின் யார் கண்ணிலும் படாது. சிக்கலே அதுதான். பார்க்கிறவர்களுக்கு அவளிடம் ஒரு குறையும் தெரியாது. ஆனால் குளிக்கும்போதும் தூங்கும்போதும் மெஷினைக் கழற்றிவிடுவாள். கழற்றிவிட்டால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் தெரியாது.

மே லீவில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் பிளைட், அங்கிருந்து கப்பல். நான், வீட்டுக்காரர், மகள், மாமியார். இரண்டு கேபின். மகளுக்கு அப்பாயியோடு படுத்தால்தான் தூக்கம் வரும். அத்தைக்கும் இப்போது காது மந்தம். நடுராத்திரி அலாரம் அடித்தால் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டார்கள். புக்கிங் பேசப் போன அன்றே நான் கேட்ட முதல் கேள்வி, இதற்கு என்ன வழி என்பதுதான்.

நம்பிக்கை எங்கே வந்தது என்று சொல்கிறேன், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. டிராவல்ஸில் புக்கிங் பார்த்த தம்பி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை மகள் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேராக, வாயசைவு தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசினார். "பாப்பா, கப்பல்ல உனக்குன்னு தனி மெத்தை அலாரம் இருக்கும், சரியா?" என்றார். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பத்து வருஷத்தில் அப்படிப் பேச வரவில்லை. இவர் கேட்காமலே பேசினார். என் பக்கம் திரும்பி, "அக்கா, இதெல்லாம் நாங்க ரெகுலரா பண்றது. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி பார்த்துக்கிறோம்" என்றார். அப்புறம் மானிட்டரைத் திருப்பி ஒரு மெயிலைக் காட்டினார். மேலே கப்பல் கம்பெனி பெயர் இருந்தது, கீழே என் மகள் பெயர் இருந்தது. அது அனுப்பிய மெயிலா, சும்மா டைப் செய்து வைத்த மெயிலா என்பது அந்த மானிட்டருக்குத்தான் வெளிச்சம்.

ஸ்பெஷல் அசிஸ்டன்ஸ் சார்ஜ் 18,500 ரூபாய். அலாரம் கிட், கப்பலில் நடக்கும் ஆபத்துக்காலப் பயிற்சியின்போது தனியாக விளக்கம், அப்புறம் அந்தச் சூரியகாந்திப் பட்டை. வெளியே தெரியாத குறைபாடு இருக்கிறவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற பச்சைப் பட்டை அது. 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்து இன்று பல நாடுகளில் இருக்கிறது. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பதினெட்டு, பத்தொன்பது சிப்பம் (40 கிலோ மூட்டை) நெல்லின் காசு இந்த 18,500. ஜிபேயில் அனுப்பினேன். ரசீதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் மஸ்டர் டிரில் என்று ஒரு பயிற்சி உண்டு. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவார்கள், யாரும் அதற்கு வராமல் இருக்க முடியாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் செத்தார்கள் அல்லவா? அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன் பிறகு மாற்றி, 2015 முதல் கப்பல் புறப்படும் முன்னாலோ புறப்பட்ட உடனேயோ நடத்தியே தீர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சரியான விதிதான், எனக்கு அதில் புகாரே இல்லை.

ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். அதுதான் ஆபத்து சிக்னல். எங்களுக்கான கூடுமிடம் ஒரு பெரிய அரங்கம். நானூறு ஐந்நூறு பேர் இருப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், மேலே ஸ்பீக்கர் அலறுகிறது. இம்ப்ளாண்ட் வைத்தவர்களுக்குக் கூட்ட இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்பது ரொம்பக் கஷ்டம். ஊதல் சத்தம் வந்ததும் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு மெஷினோடு சேர்ந்து தலையில் ஒட்டியிருக்கும் காயிலைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், ஒன்றும் கேட்காது. லைஃப் ஜாக்கெட்டைக் காட்டிய பையன் மைக்கை வாய்க்கு முன்னால் வைத்திருந்ததால் வாயசைவும் தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பிக் கையால் என்ன என்று கேட்கிறாள், நான் பதில் சொல்கிறேன். அந்தப் பையன் மைக்கிலேயே, எல்லோர் முன்னாலும், "விளையாடாமல் இங்கே கவனி" என்று அவளைப் பார்த்து இங்கிலீஷில் அதட்டினான். அவளுக்கு அதட்டியது கேட்கவில்லை. எல்லோரும் திரும்பித் தன்னைப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்றாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்தியே கேட்டாள்.

முடிந்ததும் நேரே ரிசப்ஷனுக்குப் போனேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எங்கள் புக்கிங்கைத் திறந்து பார்த்தார். ஒரு வரி கூட இல்லை. ஸ்பெஷல் நீட்ஸ் ஃபாரம் வரவில்லை, உதவி தேவைப்படுகிறவர்கள் பட்டியலில் மகள் பெயர் இல்லை. கிட் கேட்டால், கப்பலில் இருப்பதே சில கிட்தான், முன்கூட்டியே கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று என்றார். தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்கிற தட்டு, கதவு தட்டினாலும் தீ அலாரம் அடித்தாலும் பளிச்சென்று வெட்டுகிற விளக்கு. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கிட். "இதற்கு எவ்வளவு கட்டணம்?" என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். கட்டணமே கிடையாதாம். 18,500 ரூபாய்!

கப்பல்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் காலை ஒரு ஆபீசர் வந்து, ஆள் இல்லாத நேரத்தில் மகளை மட்டும் கூட்டிப் போய், முகத்துக்கு நேராக நின்று, எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து, லைஃப் ஜாக்கெட்டை அவளையே கட்டச் சொல்லி, எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்று நடந்தே காட்டினார். அதட்டிய பையனும் வந்து மன்னிப்புக் கேட்டான். அவனுக்கு எப்படித் தெரியும் பாவம், அவன் கையில் இருந்த பட்டியலில் அவள் இல்லையே! கேபினை மாற்றிக்கொண்டு நான் மகளோடு படுத்தேன், இவர் அத்தையோடு. ராத்திரி முழுக்க அரைத் தூக்கம். யாரோ காரிடாரில் நடந்தால்கூட எழுந்து உட்கார்ந்தேன். இதற்குப் பெயர் லீவு.

ஊருக்கு வந்து டிராவல்ஸில் கேட்டதிலிருந்து நடக்கும் கூத்து தனி. முதலில் "மெயில் போச்சுக்கா, கப்பல் சைடு மிஸ்டேக்." அனுப்பிய மெயிலை ஃபார்வர்டு பண்ணுங்கள் என்றால் "சிஸ்டம் ஃபார்மட் பண்ணியாச்சு." அப்புறம் ஓனர் சென்னையில். அப்புறம் ஓனர் திருநள்ளாறு போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. மேட்டூர் தண்ணீர் வந்து என் வீட்டுக்காரர் நாற்றங்காலே கதி என்று கிடக்கிறார், இவர்களால் அலைய முடியாது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள் போல. இன்று காலை ஓனரே எடுத்தார். "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே மேடம், பத்திரமாத்தானே வந்துட்டீங்க?" என்கிறார். ஒன்றும் ஆகவில்லை, அதனால் 18,500 அவருக்குச் சொந்தம்! அடுத்த டிரிப்பில் ஐயாயிரம் குறைத்துத் தருகிறாராம், ரிவ்யூ மட்டும் போட வேண்டாமாம். போடுவேன் என்றதும்தான் வக்கீல் வந்தார்.

என்னென்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு.

புக்கிங் நம்பர் வந்த அன்றே கப்பல் கம்பெனிக்கு நீங்களே நேராக மெயில் போடுங்கள், பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இருக்கிறவன் காட்டும் மானிட்டரை நம்பாதீர்கள். காது, ஆட்டிசம், வலிப்பு, ஞாபக மறதி என்று வெளியே தெரியாத எதுவாக இருந்தாலும் அந்த ஸ்பெஷல் நீட்ஸ் ஃபாரம் உண்டு. பல வாரம் முன்னாலேயே கேட்பார்கள். கப்பலில் ஏறியதும், பெட்டியைப் பிரிக்கும் முன்னால் ரிசப்ஷனில் போய் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டிரில்லைத் தனியாக நடத்தச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்கிறார்கள். இந்த உதவிக்கு எவனாவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் 1915-க்குப் போன் பண்ணுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. என் 18,500-க்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட், ரசீது, கப்பல் ரிசப்ஷனில் எழுதி வாங்கிய கடிதம் மூன்றும் பிரிண்ட் எடுத்தாயிற்று. இதே மாடி ரூமில் இதே சார்ஜ் கட்டியவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே போடலாம்.