லாங் பஜார் பக்கம் ஷூ தைக்கக் கொடுத்த அனுபவம்

என் தோல் ஷூவின் அடி பிளந்து இரண்டு மாதம் ஆகிறது. முதலில் வேறொரு கடையில் கொடுத்தேன், பசை தடவி ஒட்டி 150 ரூபாய் வாங்கினார்கள், மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம்தான் ஆபீஸ் நண்பர் சொல்லி, வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போனேன்.

வாங்கியதும் ஷூவை வளைத்து ஓரத்தைப் பார்த்தார். "இது வெல்ட் வச்சுத் தைச்சது தம்பி, இதப் போய் ஒட்டலாமா?" என்றார், குரலில் நிஜமாகவே வருத்தம். மேல்தோலையும் உள் அட்டையையும் 'வெல்ட்' என்கிற தோல் பட்டையோடு சேர்த்து ஒரு தையல், அந்தப் பட்டையோடு அடித்தோலைச் சேர்த்து இன்னொரு தையல். அடி தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புது அடி வைத்துவிடலாம், மேல் பாகத்தைத் தொடவே வேண்டாம். காலங்காலமாகக் கையால் செய்துவந்த வேலை இது. ரப்பருக்குப் பேர்போன குட்இயரின் மகன் 1870-களில் அமெரிக்காவில் இதற்கு மெஷின் கொண்டுவந்தார், அதனால்தான் இன்றும் 'குட்இயர் வெல்ட்' என்கிறோம்.

பெரியவர் ஆம்பூர் ஷூ ஃபாக்டரியில் இருபது வருடம் இருந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிட்டு வெளியே அனுப்பிய ஊர்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகுதான் இங்கே ஷூ தைக்கும் வேலை பெருகியது.

சரி, வேலைக்கு வருகிறேன். மெழுகு தேய்த்த நூல், குத்தூசி, முழுக்கக் கைத்தையல். 600 ரூபாய், நான்கு நாள். மழையில் நனைந்து பார்த்துவிட்டேன், ஒரு தையல் விடவில்லை. ஓரத்துச் சாயம் மட்டும் பழைய நிறத்தோடு ஒத்துப்போகவில்லை, அதில் எனக்குக் குறைதான்.

அப்பாவுக்குச் சர்க்கரை, கால் மரத்துப்போகிறது என்றதும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பும் தைத்துத் தந்தார். மருத்துவர் பால் பிராண்ட் காலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உணர்வற்ற தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வராமல் இருக்கப் பயன்படுத்திய அதே மெத்து ரப்பர். நம் ஊரில் இதற்கு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! கால் அளவெடுக்க அப்பாவையே கூட்டிவரச் சொன்னார், பழைய செருப்பைக் கொடுத்தால் போதாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

காலை பத்து மணிக்கு மேல் போங்கள். ஞாயிறு இருக்கமாட்டார், சில்லறையாகக் கொண்டுபோங்கள்.